டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!

சரக்கு ஏற்றிய பழைய லாரி ஒன்று மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறது. சமதரையில் நன்றாக ஓடி வந்த வண்டிதான். மேடு வந்ததும் மூச்சு வாங்குகிறது. டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. காலையில் கிளப்பும்போதும் தகராறு செய்தது.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது. மெக்கானிக் டாங்கியைப் பார்க்கிறார். டீசல் இருக்கிறது. பில்டரைப் பார்க்கிறார். சுத்தமாக இருக்கிறது. பிறகு அவர் பார்வை எஞ்சினின் பக்கத்தில் உள்ள பம்பின் மேல் போகிறது.

அந்தப் பம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிறிய வால்வு உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. அவ்வளவுதான். பம்புக்குள் வரும் எண்ணெயின் அழுத்தத்தைக் குறையவிடாமல் காப்பது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் போகும். அழுத்தம் போனால் லாரியின் பலம் போகும்.

எண்ணெயை வேண்டிய அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். இந்த ஒரு காரியத்தோடு ஒரு மனிதர் 20 ஆண்டுகள் மல்லுக்கட்டினார். கோடீசுவரர் ஆனார். கடனாளி ஆனார். ஒரு நாள் இரவு, நடுக்கடலில், கப்பலில் இருந்து காணாமல் போனார்.

அவருடைய பெயரை நாம் தினந்தோறும் சொல்லுகிறோம். அது எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல்!

தள்ளுவண்டிச் சிறுவன்

டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். ஆனால் அவர் பிரெஞ்சுக்காரர் அல்ல. பெற்றோர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தகப்பனார் தியோடர், புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில் தெரிந்தவர். பாரிசில் தோல் சாமான்கள் செய்து விற்றுவந்தார்.

வீட்டில் வசதி இல்லை. தகப்பனார் செய்த பைகளையும் பெட்டிகளையும் தள்ளுவண்டியில் வைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை. வேலை இல்லாத நேரத்தில் அவன் ஓடுகிற இடம் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பொறிகள் காட்சிசாலை!

அங்கே குஞோ என்ற பிரெஞ்சுக்காரர் பீரங்கி இழுப்பதற்காக 18-ம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டி இருந்தது. இன்றைய லாரிக்கு அதைப் பாட்டன் என்று சொல்லலாம். மணிக்கணக்கில் அந்தச் சாலையில் நின்று, பொறிகளைப் பார்த்துப் படம் வரைவான் சிறுவன்.

1870-ம் ஆண்டில் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் சண்டை மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் உடுத்த துணியோடு லண்டனுக்குப் போயிற்று. அங்கே பிழைப்பு இல்லை. ஒரு வாயாவது குறையட்டும் என்று, 12 வயதுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே சித்தப்பா முறையுள்ள பார்னிக்கல் என்பவர் கணக்கு வாத்தியார்.

சண்டைக் காலம். ரெயில்கள் ஒழுங்காக ஓடவில்லை. தன்னந்தனியாகப் புறப்பட்ட பையன் எட்டு நாள் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தான்.

படிப்பில் அவனை வெல்ல ஆள் இல்லை. எஞ்சினியர் ஆகப்போகிறேன் என்று 14-வது வயதிலேயே பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். அவர்களோ, படித்தது போதும், சம்பாதிக்க வேண்டும் என்றார்கள். உதவிச் சம்பளம் கிடைத்ததால் பையன் ஜெயித்தான். மியூனிக் நகரத் தொழில் கல்லூரியில் சேர்ந்தான்.

அங்கே லிண்டே என்ற பேராசிரியர் பாடம் நடத்தினார். குளிர்சாதனப் பொறிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் அவர்தான். 1878-ல் ஒரு நாள், நீராவி எஞ்சினைப்பற்றி அவர் வகுப்பில் விளக்கினார். நிலக்கரியில் உள்ள சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேலைக்கு வருவது இல்லை. மற்றது எல்லாம் வீண் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

பத்து ரூபாய் நிலக்கரி போட்டால், ஒன்பது ரூபாய்க்கு மேல் புகையோடு போகிறது! ஏழை வீட்டுப் பையனுக்கு அந்தக் கணக்கு மனதில் தைத்துவிட்டது. இந்த வீணைத் தடுக்க வழி இல்லையா என்று அன்றே நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்தார்.

தீக்குச்சி இல்லாமல் தீ

1880-ல் மிக உயர்ந்த மார்க்குகளோடு டீசல் தேறினார். லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காகப் பாரிசுக்குப் போனார். 1883-ல் மார்த்தா என்ற ஜெர்மன் பெண்ணை மணந்தார். இரண்டு ஆண், ஒரு பெண், மூன்று குழந்தைகள். பகலில் ஐஸ் வேலை. இரவில் எஞ்சின் யோசனை. நீராவிக்குப் பதில் அம்மோனியா வாயுவை வைத்துச் சில ஆண்டுகள் பார்த்தார். பலிக்கவில்லை.

பிறகுதான் அவருக்குப் புதிய வழி தோன்றியது. அது என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்கள் கவனித்திருப்பார்கள். நாலு அடி அடித்ததும் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். மலேயாப் பக்கத்து மக்கள் பழங்காலத்திலேயே இதை வைத்துத் தீ உண்டாக்கினார்கள். சின்னக் குழலில் ஒரு தண்டைச் செருகி ஓங்கித் தட்டுவார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும்.

எஞ்சினிலும் அப்படியே செய்தால் என்ன என்று நினைத்தார் டீசல். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் விட வேண்டும். பிஸ்டன் அதை நெருக்கிப் பிழிய வேண்டும். காற்று கொதிக்கும். அந்தச் சமயம் பார்த்து எண்ணெயை உள்ளே விட்டால், தானே பற்றி எரியும். தீப்பொறி வேண்டாம். கொதிகலன் வேண்டாம். வீணும் குறைவு.

1893-ம் ஆண்டு பிப்ரவரியில் இதற்கு ஜெர்மன் அரசாங்கத்தின் பேடண்ட் உரிமை கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும், பீரங்கிக்குப் பேர்போன குருப் கம்பெனியும் பணம் போட முன்வந்தன.

அந்த ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி முதல் சோதனை. எஞ்சின் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. தொழிற்சாலைப் பெல்ட்டை மாட்டி அதைச் சுழற்றினார்கள். காற்று அழுந்தியது. எரிபொருளை உள்ளே விட்டார்கள்.

வெடி வெடித்தது! அழுத்தத்தை அளக்கும் கருவி தூள் தூளாகச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். டீசலுக்கோ ஒரே சந்தோஷம். தீக்குச்சி இல்லாமல் தீப்பிடிக்கும் என்பது நிச்சயமாகிவிட்டது அல்லவா?

1894 பிப்ரவரி 17-ந் தேதி இன்னொரு சோதனை. அன்றும் பெல்ட்தான் எஞ்சினை இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பெல்ட்டின் இழுப்பு மாறியது. அதைக் கண்ட தொழிலாளி ஒருவர் பேசாமல் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். இப்போது பெல்ட் எஞ்சினை இழுக்கவில்லை. எஞ்சின் பெல்ட்டை இழுக்கிறது! ஒரே ஒரு நிமிடம் ஓடியது. பிறகு நின்றது.

எண்ணெய் செய்த வம்பு

தீ வந்துவிட்டது. எண்ணெய்தான் வம்பு செய்தது.

சிலிண்டருக்குள் காற்று 30 மடங்குக்கு மேல் அழுந்தி இருக்கிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து எண்ணெய் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தால் மட்டும் போதாது. சொட்டுச் சொட்டாக விழுந்தால் அரைகுறையாக எரியும்; கரி பிடிக்கும். துணி தேய்க்கிறவர் வாயில் தண்ணீரை வைத்து ஊதுவாரே, அதைவிட மெல்லிய தூறலாகத் தெறிக்க வேண்டும். அதுவும் இத்தனை அளவு, இந்த நொடி என்று தவறாமல்.

அந்தக் காலத்துக் கம்மியர்களிடம் அவ்வளவு நுட்பமான பம்பு இல்லை. பம்பினால் நேரே தள்ளிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கடைசியில் காற்றையே துணைக்குக் கூப்பிட்டார் டீசல். சிலிண்டரில் உள்ளதைவிட அதிகமாக அழுத்திய காற்றைத் தனியாகப் புட்டியில் அடைத்து, அந்தக் காற்றைக் கொண்டு எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளினார்.

பலித்துவிட்டது! 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து எஞ்சினைச் சோதித்தார். எரிபொருளின் சூட்டில் 26 சதவிகிதம் வேலையாக மாறியது. எந்த நீராவி எஞ்சினும் இதன் பக்கத்தில் வர முடியாது. அந்த எஞ்சின் மியூனிக் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒரு தொல்லை. 20 குதிரைச் சக்திதான் கொடுத்தது. எடையோ 4½ டன்! காற்றை அழுத்துவதற்கு என்றே தனி இயந்திரம், புட்டி, குழாய் எல்லாம் வேண்டும். எஞ்சின் கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கை அந்த இயந்திரமே தின்றது. தொழிற்சாலை மூலையில் இருக்கலாம். கப்பலில் இருக்கலாம். ரோட்டில் ஓடும் வண்டியில் இதைத் தூக்கி வைப்பது எப்படி?

மாளிகையும் கடனும்

அதைப்பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்? பணக்காரர்கள் டீசல் வீட்டு வாசலில் கூடினார்கள். அமெரிக்காவில் பீர் தொழிலில் பெரும் பணம் சேர்த்த புஷ், தம் நாட்டு உரிமைக்கு 10 லட்சம் மார்க் கொடுத்தார். 1898-ல் அமைந்த கம்பெனி ஒன்று எல்லா உரிமைகளையும் 35 லட்சம் மார்க்குக்கு வாங்கியது. இதில் பெரும்பகுதி பங்குகளாகவே வந்தது. தள்ளுவண்டி தள்ளிய பையன் 40-வது வயதில் கோடீசுவரர்! மியூனிக் நகரில் பெரிய மாளிகை கட்டினார்.

விற்பனைக்கு வந்த முதல் எஞ்சின் எங்கே போயிற்று தெரியுமா? கெம்ப்டன் ஊரில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு! தீக்குச்சி வேண்டாத எஞ்சின், தீக்குச்சி செய்யும் இடத்துக்கே போனது வேடிக்கைதான். ஆனால் அங்கே அது ஒழுங்காக ஓடவில்லை. அடிக்கடி கோளாறு. வாங்கிய மற்றவர்களும் புகார் சொன்னார்கள்.

கண்டுபிடிப்பே டீசலுடையது அல்ல என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. இரவு பகலாக உழைத்த உடம்பு இடிந்துவிட்டது. தலைவலி, தூக்கமின்மை. 1898-ல் நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியசாலையில் சேர்ந்தார்.

எஞ்சின் மட்டும் மெள்ள மெள்ளத் தேறியது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியது. அங்கே கடலை எண்ணெயை ஊற்றியும் ஒரு டீசல் எஞ்சின் ஓடிற்று. 1912-ல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல், டீசல் எஞ்சினோடு கோபன்ஹேகனில் இருந்து பாங்காக் நகருக்குப் புறப்பட்டது. புகைபோக்கி இல்லாத கப்பலைப் பார்க்கத் துறைமுகந்தோறும் கூட்டம்!

லாரியை மட்டும் டீசலால் பிடிக்க முடியவில்லை. 1908-ல் லாரிக்கு ஏற்ற சின்ன எஞ்சினைச் செய்து பார்த்தார். காற்று இயந்திரத்தின் சுமை அதையும் தோற்கடித்தது.

பொறியைப் பழக்கிய மனிதருக்குப் பணத்தைப் பழக்கத் தெரியவில்லை. எண்ணெய்க் கிணறுகளில் பணம் போட்டார், போயிற்று. நிலம் வாங்கினார், வழக்கு வந்தது. கடன் ஏறியது. வெளியே யாருக்கும் தெரியாமல் மாளிகையில் விருந்துகள் நடந்துகொண்டே இருந்தன. மனைவிக்கும் தெரியாது.

திரும்பாத பயணம்

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் துறைமுகம். டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தில் அவர் எஞ்சினைச் செய்யும் கம்பெனியின் கூட்டத்துக்குப் போகிறார். கூட இரண்டு நண்பர்கள். ஒருவர் கென்ட் நகரத் தொழில் அதிபர் கேரல்ஸ். மற்றவர் எஞ்சினியர் லக்மன்.

மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மேல்தட்டில் உலாவினார்கள். இரவு 10 மணிக்கு டீசல் விடைபெற்றுக்கொண்டார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

விடிந்தது. கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடி இருந்தது. படுத்தால் தெரியும்படி கடிகாரம் வைக்கப்பட்டிருந்தது. கப்பலின் பின்பக்கத்தில் கம்பிக்கு அடியில் அவருடைய தொப்பியும் மடித்து வைத்த மேல்கோட்டும் இருந்தன. கப்பல் முழுவதும் தேடினார்கள். டீசல் இல்லை!

பத்து நாள் கழித்து டச்சுப் படகு ஒன்று கடலில் ஒரு பிணத்தைக் கண்டது. உருத் தெரியாமல் அழுகியிருந்தது. சட்டைப் பையில் இருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரைப் பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி. இவை என் தந்தையுடையவை என்று மகன் யூஜின் அடையாளம் சொன்னார்.

ஒற்றர்கள் கொன்றார்கள் என்றும், எண்ணெய் முதலாளிகள் தீர்த்துக்கட்டினார்கள் என்றும் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எதற்கும் அத்தாட்சி இல்லை.

வீட்டில் வேறு கதை. புறப்படும் முன் டீசல் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் திறக்கச் சொல்லியிருந்தார். மார்த்தா திறந்தார். கொஞ்சம் ரொக்கம். அதோடு பாங்குக் கணக்குகள். அவற்றில் பணமே இல்லை! நாட்குறிப்பில் 29-ந் தேதிக்கு நேரே சிறிய சிலுவைக் குறி ஒன்று போட்டிருந்தது.

அப்போது அவருக்கு வயது 55. யூஜின் பின்னாளில் எழுத்தாளர் ஆனார். தகப்பனார் கதையை 1937-ல் புத்தகமாக வெளியிட்டார்.

சிறிய பம்பு வந்தது

டீசல் இறந்த பத்து ஆண்டுகளுக்குள் முடிச்சு அவிழ்ந்தது. காற்று இல்லாமல், எண்ணெயைப் பம்பினாலேயே தள்ளும் எஞ்சின்கள் வந்தன. 1923-ல் பென்ஸ் கம்பெனி டீசல் லாரி செய்தது. டீசல் பாடுபட்ட அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வாரிசான மான் கம்பெனியும் 1924-ல் ஒரு லாரி செய்தது. அது ஆக்ஸ்பர்க்கில் இருந்து நியூரம்பர்க்குக்குச் சுமார் 140 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் ஓடியது.

பிறகு ஸ்டட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் இதில் இறங்கினார். அவர் தொழிற்சாலை 1922-ல் ஆராய்ச்சி தொடங்கி, 1927-ல் எண்ணெய்ப் பம்புகளை வரிசையாகச் செய்து விற்றது. கையில் தூக்கலாம் போன்ற பம்பு! உள்ளே சிலிண்டருக்கு ஒன்றாகச் சிறிய தண்டுகள். தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய இடைவெளியில் அவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தண்டும் எண்ணெயை நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நாஸிலுக்குத் தள்ளும். அது தூறலாகத் தெறிக்கும்.

அந்தத் தண்டுகளுக்கு வயிறு நிறைய எண்ணெய் கிடைக்க வேண்டும். டாங்கியில் இருந்து ஒரு சின்னப் பம்பு எண்ணெயை இழுத்து, பில்டர் வழியாகப் பெரிய பம்புக்கு அனுப்பும். தேவைக்கு மேல் உள்ளது அந்தக் கட்டைவிரல் வால்வைத் தள்ளிக்கொண்டு டாங்கிக்கே திரும்பும். வால்வு லேசாக எதிர்த்து நிற்பதால்தான் பம்புக்குள் அழுத்தம் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, குண்டின் அடியில் தூசி அடைத்தாலோ, எண்ணெய் எல்லாம் சுலபமாகத் திரும்பிவிடும். தண்டுகள் அரை வயிறோடு தள்ளும். சமதரையில் தெரியாது. மேட்டில் தெரிந்துவிடும்.

மேட்டில் திணறிய லாரிக்கு வருவோம். மெக்கானிக் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார். அழுத்தம் குறைவு. இனி சந்தேகம் இல்லை.

முதலில் பம்பைச் சுற்றி உள்ள அழுக்கைத் துடைக்கிறார். ஒரு பொட்டு மண் உள்ளே விழுந்தால் தண்டுகள் கீறிப்போகும். திரும்பு குழாயைக் கழற்றுகிறார். பழைய வால்வைத் திருகி எடுக்கிறார். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மறுபடியும் போடுகிறவர்கள் உண்டு. அது நாலு நாளைக்குத்தான். இவர் புது வால்வையே போடுகிறார். செம்பு வாஷர்களும் புதிது. பழைய வாஷர் கசியும்.

பிறகு கைப்பம்பை அடிக்கிறார். மேலே உள்ள சிறு திருகைத் தளர்த்துகிறார். எண்ணெயோடு நுரை நுரையாகக் காற்று வெளியே வருகிறது. டீசலுக்கு எண்ணெயை உள்ளே தள்ளக் காற்று வேண்டியிருந்தது. இங்கே ஒரு குமிழிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எஞ்சின் கிளம்பாது.

குமிழி நின்றது. எண்ணெய் கம்பி போல் தெளிவாக ஓடுகிறது. திருகை முடுக்குகிறார். நாஸில் பக்கம் கையைக் கொண்டுபோகாதே என்று பையனைத் தள்ளி நிற்கச் சொல்கிறார். அந்த வேகத்தில் தெறிக்கும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டிரைவர் சாவியைத் திருப்புகிறார். இரண்டு சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது.